தபாலில் ஒரு விண்போர்: களத் தந்திரத்தை அஞ்சல்வழி ஆட முடியுமா?

1979-இல் ஸ்டீபன் வி. கோல் வடிவமைத்து வெளிவந்த ‘ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்’ என்ற அறிவியல் புனைவுப் போர்விளையாட்டில் ஒரு சுற்று 32 நொடிப்பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது. சுற்று தொடங்கும்போது ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் விண்கலத்தின் உலை தரும் ஆற்றலில் எவ்வளவு வேகத்துக்கு, எவ்வளவு ஆயுதத்துக்கு, எவ்வளவு கேடயத்துக்கு என்று ஒரு தாளில் ரகசியமாக எழுதிவிட வேண்டும். அதன் பிறகு 32 பிரிவுகளிலும் வேகத்துக்கேற்பக் கலங்கள் நகரும். சுடலாமா, பொறுக்கலாமா என்ற முடிவு பிரிவுக்குப் பிரிவு திரும்பத் திரும்ப எழும். கலத்தைச் சுற்றி ஆறு கேடயங்கள். எதிரி எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பது ஒரே நகர்வில் மாறிவிடும். மேசையின் இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் இது ஒரு மாலை நேரத்து ஆட்டம். இதையே தபாலில் ஆட வேண்டுமென்றால்? ஒரு பிரிவுக்கு ஒரு கடிதப் போக்குவரத்து, அதற்கு ஒரு வாரம் என்று வைத்தால் ஒரு சுற்று முடிய 32 வாரம் ஆகும். ஐந்து சுற்றுப் போர் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கிலேயே பிரச்சினை முழுதும் அடங்கியிருக்கிறது. பேரரசுகளைக் கட்டுவது, கோள்களைப் பிடிப்பது, கூட்டணி சேர்வது ஆகியவற்றைத் தபாலில் ஆடுவதில் தடையேதும் இல்லை. வாரங்கள் எடுக்கும் செயல்களுக்கு வாரங்கள் எடுக்கும் அஞ்சல் பொருந்திப்போகிறது. களத் தந்திரம் வேறு வகை. எதிரி திரும்பும் கணத்தில் நாமும் திரும்புவது அதன் உயிர். அந்தக் கணத்தை உறைக்குள் வைத்து அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் எது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

மாறி மாறி ஆடுதல்: சதுரங்கம் காட்டிய வழி

மிகப் பழைய விடை சதுரங்கத்திலிருந்து வந்தது. 1824-இல் தொடங்கி 1828 வரை எடின்பரோ, லண்டன் சதுரங்கக் கழகங்கள் கடிதம் மூலம் மோதிக்கொண்டன. ‘ஸ்காட்ச்’ என்ற தொடக்க ஆட்டமுறைக்குப் பெயர் வந்ததே அந்தப் போட்டியால்தான். நான் ஒரு காய் நகர்த்திக் கடிதம் போடுகிறேன், நீங்கள் ஒரு காய் நகர்த்திப் பதில் போடுகிறீர்கள் என்ற இந்த முறையில் காலம் நீள்கிறதே ஒழிய ஆட்டத்தின் தன்மை சிதைவதில்லை. வேகத்தைக் கூட்ட, ‘நீங்கள் இதை ஆடினால் என் பதில் இது’ என்று நிபந்தனை நகர்வுகளைச் சேர்த்தனுப்பும் வழக்கமும் வளர்ந்தது.

சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணிலும் படுகின்றன, பகடையும் கிடையாது. இவ்விரண்டும் இருப்பதால்தான் இந்த விடை அங்கே நிற்கிறது. போர்விளையாட்டுக்குள் பகடை வந்தவுடன் நேர்மைப் பிரச்சினை முளைக்கிறது. நான் ஆறு போட்டேன் என்று எழுதினால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, அஞ்சல் விளையாட்டு வரலாற்றின் மிக அழகான சாதுரியங்களுள் ஒன்று என்பேன். தாக்குபவர் தம் கடிதத்தில் ஒவ்வொரு மோதலுக்கும் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரையும், வரப்போகும் ஒரு தேதியையும் குறிப்பிடுவார். அந்த நாள் சந்தை முடிந்தபின் நாளிதழில் அச்சாகும் விற்பனை எண்ணின் கடைசி இலக்கமே பகடை. கடிதத்தின் மேலுள்ள அஞ்சல் முத்திரை அந்தத் தேதிக்கு முந்தியதாக இருந்தால் போதும், ஏமாற்ற வழியில்லை. இரண்டு ஊர்களில் இருக்கும் இருவர் ஒரே பகடையை, ஒருவரையொருவர் பார்க்காமலே, செய்தித்தாளைப் பிரித்து வாசித்துக்கொண்டார்கள்.

பகடைக்கு வழி பிறந்தாலும் நகர்வுகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு பக்கம் முழுவதும் நகர்ந்து முடித்த பின்பே மறுபக்கம் நகரும் விளையாட்டுகளில் மட்டும் இது ஓடும். விண்கலம் பாய்ந்துவரும்போது இடைமறித்துச் சுடும் உரிமை எதிரிக்கு உண்டென்றால், ஒவ்வொரு அறுகோணக் கட்டத்திலும் ஆட்டம் நின்று ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மறைந்திருக்கும் கலங்கள் என்ற ஒன்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்றாவது ஆள் இல்லாமல் மறைவைக் காக்க இயலாது.

ஒரே நேரத்து ஆணைகளும் நடுவரும்

அந்த மூன்றாவது ஆளும் 1824-இல்தான் உருப்பெறுகிறார். பிரஷ்யப் படை அதிகாரி கெயோர்க் ஃபான் ரைஸ்விட்ஸ் அந்த ஆண்டு வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ பயிற்சி ஆட்டத்தில் இரு தரப்பும் எழுத்தில் ஆணை கொடுப்பார்கள். வரைபடத்தில் படைகளை நகர்த்துபவர் நடுவர். யார் கண்ணுக்கு எது தெரியும் என்பதையும் அவரே தீர்மானிப்பார். ஒரு சுற்று என்பது களத்தில் இரண்டு நிமிடம். ஆணைக்கும் விளைவுக்கும் இடையில் ஒரு மனிதரை நிறுத்தும் இந்த ஏற்பாடு தபாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் பின்னால் வந்த எல்லா அஞ்சல் விளையாட்டுகளுக்கும் எலும்புக்கூடு இதுதான்.

அதைத் தபாலுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க அறிவியல் புனைவு ரசிகர்கள். ஆலன் கால்ஹாமர் 1959-இல் வெளியிட்ட ‘டிப்ளமசி’ ஆட்டத்தை 1963-இல் ஜான் போர்ட்மன் தம் ‘கிராஸ்டார்க்’ சிற்றிதழ் வழியே தபாலில் நடத்தத் தொடங்கினார். ஏழு நாடுகள், எழுதி அனுப்பும் ஆணைகள், ஒரு கெடு நாள், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்து விளைவை அச்சிடும் நடுவர். சிற்றிதழ்களும் வாசகர் கடிதங்களும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த உலகத்தில் இது சட்டென்று வேர்பிடித்ததில் வியப்பில்லை.

டிப்ளமசியின் வெற்றியைக் காட்டி, ஒரே நேரத்து ஆணைமுறை எந்தப் போருக்கும் போதும் என்று வாதிடுவது உண்டு. அந்த வாதம் அளவுக்கு மீறி நீள்கிறது என்றே தோன்றுகிறது. டிப்ளமசியில் தொடக்கத்தில் இருப்பவை 22 படைகள். அவற்றுக்கு முகத்திசை இல்லை, சுடும் தூரம் இல்லை, பகடையும் இல்லை. சம பலம் மோதினால் இருவரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். அந்த ஆட்டத்தின் உயிர் ஆட்டக்காரர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் பேரக் கடிதங்களில் இருக்கிறது. ஆறு கேடயங்களும் வளைவு வேகமும் கொண்ட விண்கலச் சண்டைக்கு அதைச் சான்றாக நிறுத்த முடியாது.

மனித நடுவரிடம் ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறுக்கக் கூடாது. ‘சிறுகோளுக்குப் பின்னால் பதுங்கு, துரத்தினால் ஓடு, கொள்கலக் கப்பலை மட்டும் விட்டுவிடாதே’ என்று நாலு வரியில் எழுதப்படும் ஆணையின் நோக்கத்தை அவரால் புரிந்துகொள்ள முடியும். 1876-இல் பிரஷ்யப் படை அதிகாரி ஃபெர்டி டு வெர்னுவா, விதிப் புத்தகத்தைக் குறைத்து நடுவரின் அனுபவத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்று வாதாடியபோது சொன்னதன் சாரமும் இதுவே. விலை என்னவென்றால், அவர் களைத்துப்போவார், சார்பு காட்டக்கூடும், காட்டவில்லை என்றாலும் தோற்றவர் அப்படி நினைக்கக்கூடும். ஐம்பது ஆட்டங்களை ஒருவர் தனியாக நடத்தவும் முடியாது.

கணினி வந்தது, களம் சுருங்கியது

ரிக் லூமிஸ் 1970-இல், ராணுவத்தில் இருந்தபோது, ‘நியூக்ளியர் டிஸ்ட்ரக்‌ஷன்’ என்ற பலர் ஆடும் அஞ்சல் விளையாட்டைத் தொடங்கினார். ஆட்கள் பெருகவே கணினி நேரத்தை வாடகைக்கு எடுத்தார். பிறகு ரேதியான் 704 என்ற கணினியையே வாங்கி, அரிசோனாவிலிருந்து ‘ஃபிளையிங் பஃபலோ’ நிறுவனத்தை நடத்தினார். அஞ்சல் விளையாட்டு ஒரு தொழிலாக நிலைபெற்றது இவரால்தான் என்பதில் கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை. அவருடைய பேர்பெற்ற படைப்பு 1976-இன் ‘ஸ்டார்வெப்’. 15 ஆட்டக்காரர்கள், 255 உலகங்கள். தாம் சென்றடைந்த உலகங்களும் அவற்றின் இணைப்புகளும் மட்டுமே ஒருவருக்குத் தெரியும். பேரரசு கட்டுபவர், வணிகர், கடற்கொள்ளையர், தொல்பொருள் சேர்ப்பவர், மதப் பரப்புநர், உயிர்களை அழிக்கும் எந்திரம் என ஆறு வேடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் முறை. கடைசி வேடம் எழுத்தாளர் ஃப்ரெட் சேபர்ஹேகனின் ‘பெர்செர்க்கர்’ கதைகளிலிருந்து வந்தது. அவரே பின்னர் 1981-இல் ‘ஆக்டகன்’ என்ற நாவலில் இந்த விளையாட்டைக் கதைக்களமாக்கினார்.

ஸ்டார்வெப் சிறந்த விளையாட்டு. ஆனால் நம் கேள்விக்கு அது தரும் விடை, கேள்வியைத் தள்ளிவைப்பதாகவே இருக்கிறது. இரு விண்கலப் படைகள் ஓர் உலகில் சந்தித்தால் நடப்பது சில வரிக் கணக்கு. எத்தனை கலங்கள், யார் யாரைச் சுடுகிறார்கள், எத்தனை மிச்சம். பக்கவாட்டில் வளைப்பது, கேடயம் தாழ்ந்த பக்கத்தைத் தேடுவது, தூரத்தைக் காத்துச் சுடுவது எதுவும் அதில் இல்லை. கணினியின் அன்றைய நினைவகம் சிறிது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் அஞ்சலின் இயல்பு என்று நினைக்க இடமிருக்கிறது. இரு வாரத்துக்கொரு தாள் வரும் ஆட்டத்தில் அந்த ஒரு தாளில் பேரரசு முழுதும் நகர வேண்டும். ஒரு சண்டைக்கு மட்டும் முப்பது தாள் செலவிட ஆட்டக்காரர் தயாராக இல்லை. அஞ்சல் அறிவியல் புனைவு விளையாட்டுகளின் பெரும்பகுதி பேரரசு ஆட்டங்களாகவே அமைந்தது இதனால் இருக்கலாம்.

முன்கூட்டிச் சொல்லிவைத்தல்

களத்துக்கு மீண்டும் கதவைத் திறந்தது வேறொரு யோசனை. சண்டையின்போது ஆட்டக்காரர் அங்கே இருக்க முடியாது, அப்படியானால் அவருடைய மனப்போக்கை முன்னதாகவே எழுதி வாங்கிவிடுவோம். இதன் தெளிவான உதாரணம் விண்வெளியில் இல்லை, மல்யுத்தக் களத்தை ஒத்த ஒரு வாள்வீரர் அரங்கில் இருக்கிறது. ரியாலிட்டி சிமுலேஷன்ஸ் நிறுவனம் 1984-இல் தொடங்கிய ‘டூயல்மாஸ்டர்ஸ்’ விளையாட்டில் ஆட்டக்காரர் தம் வீரனுக்கு நிமிட வாரியாக ஒரு கட்டம் நிரப்புவார். முதல் நிமிடத்தில் தாக்கும் முனைப்பு எவ்வளவு, உடல் துடிப்பு எவ்வளவு, கொல்லும் வெறி எவ்வளவு, எந்த உறுப்பைக் குறிவைக்க வேண்டும், எதைக் காக்க வேண்டும். இரண்டாம் நிமிடத்துக்கு வேறு எண்கள். நிலைமை கைமீறினால் கடைப்பிடிக்க ஒரு தனிக் கட்டமும் உண்டு. அஞ்சலில் திரும்பி வருவது அந்தச் சண்டையின் வரிவரியான வருணனை. அதை வாசித்து எதிராளியின் பழக்கத்தைக் கண்டுபிடித்து அடுத்த தாளை நிரப்புவதில்தான் திறமை.

அறிவியல் புனைவில் இதே வழி மின்னஞ்சல் காலத்தில் முழுமை பெற்றது. டிம் விஸ்மன் எழுதிய ‘வி.ஜி.ஏ. பிளானட்ஸ்’ (1992) ஆட்டத்தில் 11 இனங்கள் மோதும். கலத்தின் ஆயுதங்களையும் எதிரியையும் முன்பே தீர்மானித்து அனுப்பிவிட வேண்டும். சண்டை தானாக நடந்து, பதிவாக வந்துசேரும். ஆட்டக்காரர் அதைத் திரையில் பார்க்கலாம், தலையிட முடியாது. 1995-இன் ‘ஸ்டார்ஸ்!’ இன்னொரு படி மேலே போனது. அதில் பத்துக்குப் பத்துக் கட்டப் பலகையில் 16 சுற்றுக்குச் சண்டை நடக்கும். கப்பற்கூட்டத்துக்கு ஒரு போர்த்திட்டம் எழுதிவைக்கலாம்: முதலில் எந்த வகைக் கலத்தைத் தாக்குவது, அடுத்து எதை, சேதத்தைப் பெருக்குவதா, தன் சேதத்தைக் குறைப்பதா, மோதினால் விலகுவதா.

தளபதியும் கப்பல் தலைவனும் வேறு வேறு ஆட்கள் என்பதை ஒப்புக்கொள்வது இந்த அணுகுமுறையின் பலம். உண்மைக் கடற்போரில் தளபதி செய்வதும் பெரும்பாலும் இதுதான். பலவீனம், எழுதிவைக்கும் மொழியின் வறுமை. ‘சேதத்தைப் பெருக்கு’ என்று ஆணையிட்டவர், சேதமடைந்த எதிரிக் கலத்தைத் துரத்திக்கொண்டு தம் கூட்டம் கண்ணிவெடிக்குள் போவதைப் பதிவில் பார்க்கும்போது, அது தம் முடிவா, நிரலின் முடிவா என்று சொல்ல முடிவதில்லை. தோல்வி தன்னுடையது என்று உணராத ஆட்டக்காரர் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். மொழியை விரிவாக்கினாலோ, ஆட்டம் நிரல் எழுதும் பயிற்சியாக மாறிவிடுகிறது.

சில விநாடிகள் மட்டும்

இந்த இக்கட்டுக்கு நடுவழி ஒன்று 2000-த்தை ஒட்டித் தெளிந்தது. முழுச் சண்டையையும் ஒரே ஆணையில் அடைக்காமல், நொடிக்கு நொடி நிறுத்தவும் செய்யாமல், இடைப்பட்ட ஒரு துண்டை எடுத்துக்கொள்வது. 2000-இல் வந்த இரண்டாம் உலகப் போர் ஆட்டமான ‘காம்பாட் மிஷன்’ ஒரு நிமிடத்தைத் துண்டாக்கியது. இருவரும் ஆணையிட்டபின் அந்த 60 விநாடி ஒருசேர ஓடும், யாரும் குறுக்கிட முடியாது. அறிவியல் புனைவுக் களத்தில் இதை எடுத்துக்கொண்டவர் ஜூலியன் காலப். 1988-இன் ‘லேசர் ஸ்குவாட்’, 1994-இன் ‘எக்ஸ்-காம்’ ஆகியவற்றால் பெயர்பெற்ற இவர் 2002-இல் ‘லேசர் ஸ்குவாட் நெமிசிஸ்’ என்ற ஆட்டத்தை முழுக்க மின்னஞ்சலுக்கென்றே அமைத்தார். சில வீரர்கள், சிறிய களம், பத்து விநாடிக்கான ஆணைகள். இருவர் ஆணைகளும் வழங்கியைச் சென்றடைந்ததும் விளைவு இருவருக்கும் திரும்பி வரும். அறிவியல் புனைவுக் களத் தந்திரத்தை அஞ்சல்வழி ஆட முடியும் என்பதற்கு இன்றுவரை கிடைத்துள்ள மிக நேரடியான சான்று இதுவே எனலாம்.

ஆக்ஸ்ஃபோர்டின் மோட் 7 நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ‘ஃப்ரோசன் சினாப்ஸ்’ துண்டை ஐந்து விநாடியாகக் குறைத்தது. அதில் இன்னொரு கருவியும் உண்டு. நம் ஆட்களுக்கு மட்டுமல்ல, எதிரியின் ஆட்களுக்கும் நாமே ஓர் ஊக ஆணை கொடுத்து, இரண்டும் மோதினால் என்னவாகும் என்று அனுப்புவதற்கு முன் ஓட்டிப் பார்க்கலாம். எதிரியின் துப்பாக்கிக்காரன் கதவைப் பார்த்து நின்றால் நம் ஆள் செத்துவிடுகிறான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் தப்பிக்கிறான். மூன்று விநாடி காத்திருந்து நுழைந்தால் இரண்டு நிலைமையிலும் பிழைக்கிறான். இப்படிப் பத்துவிதமாகச் சோதித்தபின் ஒன்றை அனுப்புகிறோம். மோதலில் பகடை கிடையாது என்பதால் தவறியது ஊகம் மட்டுமே. மறுநாள் விளைவைப் பார்க்கும்போது எந்த ஊகம் தவறியது என்று துல்லியமாகத் தெரிகிறது. தபாலின் தாமதம் இங்கே சிந்திக்கும் அவகாசமாகிறது. மேசையில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடினால் இந்தச் சோதனைகளுக்கு யாரும் பொறுமை காட்ட மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இருவரும் ஒருசேர ஆணையிடும் எந்த ஆட்டத்திலும், ‘அவன் இப்படி நினைப்பான் என்று நான் நினைப்பேன் என அவன் நினைப்பான்’ என்ற சுழல் ஒரு கட்டத்தில் வெறும் ஊகமாகச் சரிந்துவிடும். கருத்தோடு ஆடிய ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடிய எதிராளியிடம் தோற்பது நடக்கும். மேலும் ஐந்து விநாடி, பத்து விநாடி, ஒரு நிமிடம் என்ற அளவுகள் சில காலாட்களுக்குப் பொருந்துகின்றன. முப்பது விண்கலங்களுக்கு எது சரியான துண்டு என்பதற்கு இதேபோலத் தெளிந்த விடை கிடைத்திருப்பதாகத் தெரியவில்லை.

தாமதம் ஒரு குறையா?

மேற்சொன்ன நிலைப்பாடுகள் பெரும்பாலும் தாமதத்தைத் தடையாகக் கொள்கின்றன. அறிவியல் புனைவுக்கே உரிய ஒரு மறுவாதம் உண்டு. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒளி செல்லவே, கோள்களின் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. வாயேஜர் 1-க்கு ஒரு செய்தி சென்றுசேர 22 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. விண்போரின் தளபதி நொடிக்கு நொடி கட்டளையிடுவார் என்ற கற்பனைதான் பொய், தபாலே அதன் உண்மையான சாயல் என்கிறது இவ்வாதம். வரலாற்றிலும் இதற்கு ஆதாரம் தேடலாம். 1814 டிசம்பர் 24-இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி கடல் தாண்டி வருவதற்குள், 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸ் போர் நடந்து முடிந்துவிட்டது.

இதில் ஒரு பாதி வலுவானது. நிலைமம் என்ற இயற்பியல் விதி அதற்குத் துணை நிற்கிறது. ஜி.டி.டபிள்யூ. நிறுவனம் 1973-இல் வெளியிட்ட ‘டிரைபிளானட்டரி’ ஆட்டத்தில் கலம் சென்ற சுற்றில் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போனதோ அதே அளவு இந்தச் சுற்றிலும் போகும். எரிபொருள் செலவிட்டால் ஒரு கட்டம் மாற்றலாம். மெழுகுப் பென்சிலால் அம்புக்குறி வரைந்து அதைக் கண்காணிப்பார்கள். இப்படிப்பட்ட கலம் திடீரென்று திரும்ப முடியாது. எதிரி மூன்று சுற்றுக்குப் பிறகு எங்கே இருக்க முடியும் என்பதை ஒரு சிறு வட்டத்துக்குள் அடக்கிவிடலாம். உடனடி எதிர்வினைக்கு மதிப்பு குறைந்து முன்கணிப்புக்கு மதிப்பு கூடும் ஆட்டம் இது. தபாலுக்கு இதைவிட இசைவான களத்தை நினைப்பது கடினம். ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் போன்ற ஆட்டங்கள் கடலில் மிதக்கும் கப்பலைப்போல விண்கலத்தை வளைய விடுவதால்தான் 32 பிரிவுகள் தேவைப்படுகின்றன.

மறுபாதி பலவீனமானது. ஒளித் தாமதம் தலைமையகத்துக்கும் கலத்துக்கும் இடையில் இருப்பது. கலத்துக்குள் இருக்கும் தலைவனுக்கு அது கிடையாது, அவன் கண்முன் நடப்பதைப் பார்த்து முடிவெடுப்பான். ஆட்டக்காரர் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தெளிவாக்காமல் தாமதத்தை மட்டும் யதார்த்தம் என்று பாராட்டினால், தளபதியின் பொறுப்பையும் தலைவனின் குருட்டுத்தனத்தையும் ஒருவர் மேலேயே ஏற்றிவிடுகிறோம்.

முடிவாகாதவை

இதுவரையிலான விடைகளை ஒப்பிடும்போது ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். களத் தந்திரத்தில் எதிர்வினை, முன்கணிப்பு என்று இரண்டு கூறுகள் உண்டு. அஞ்சல் முதலாவதைக் காப்பாற்றவில்லை. இரண்டாவதை, தக்க அளவில் துண்டு போட்டால், மேசையைவிடச் சிறப்பாகவே காப்பாற்றுகிறது. லேசர் ஸ்குவாட் நெமிசிசும் ஃப்ரோசன் சினாப்சும் இதற்குப் போதிய சான்று.

ஆனால் அவை இரண்டும் மின்னஞ்சலின், இணையத்தின் பிள்ளைகள். ஒரே நாளில் பல சுற்றுகள் ஆட முடிந்த இடத்தில் பெற்ற வெற்றி, முத்திரை குத்திய உறைக்கும் செல்லுபடியாகுமா என்பது தனிக் கேள்வி. ஆற அமர ஆணை எழுதி, பதினைந்து நாள் காத்திருந்து, அச்சடித்த தாளைப் பிரித்து வாசித்த அந்தக் கால ஆட்டக்காரர் ஐந்து விநாடி நகர்வுக்காக அந்தப் பதினைந்து நாளைக் கொடுத்திருப்பாரா? கொடுத்திருக்க மாட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது. நிலைமத்தை அடிப்படையாகக் கொண்ட களமும், துண்டுபோட்ட ஆணையும், நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் நடுவரும் ஓர் ஆட்டத்தில் ஒன்றுசேர்ந்தால் அவர் மனம் மாறியிருக்கக்கூடும். அந்த மூன்றையும் தனித்தனியே கண்டுபிடித்தவர்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் இருந்தார்கள். எழுத்தாணையைப் புரிந்துகொள்ளும் கணினி நிரல்கள் இப்போது வந்திருக்கும் நிலையில், மனித நடுவரின் இடத்தை அவற்றால் எவ்வளவு நிரப்ப முடியும், நிரப்பினாலும் தோற்றவர் அந்தத் தீர்ப்பை ஏற்பாரா என்பவை இனிமேல்தான் ஆடிப் பார்க்கப்பட வேண்டியவை.